சைக்கிளுக்கு ஓர் இடம் கேட்டது தப்பா?

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் படிக்கட்டுக்கு அடியில் நிறுத்தியிருந்த சைக்கிள்களை, குடியிருப்பை நிர்வகிப்பவர்கள் எடுத்து மொட்டை மாடியில் போட்டுவிட்டார்கள். அங்கே மழையில் கிடந்த சைக்கிள்களின் படத்தைக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் நேற்று போட்டிருந்தேன். அதற்கு வந்த பதில்களைப் படித்த பிறகு தூக்கமே வரவில்லை. "படிக்கட்டுக்கு அடியில் கிடந்த குப்பையை எடுத்துப் போட்டதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று ஒருவர் கேட்கிறார். அது குப்பை இல்லை. நான் தினமும் வேலைக்குப் போகும் வண்டி. பக்கத்தில் கிடந்தது என் மகளுடையது.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். சைக்கிளுக்கு ஓர் இடம். தரைத்தளத்தில், மழை படாமல், ஃபிரேமைச் சேர்த்துப் பூட்ட ஒரு இரும்புக் கம்பியோடு. பின் சக்கரத்தில் போடும் வளையப் பூட்டு மட்டும் போதாது, வண்டியையே அலாக்காகத் தூக்கிவிடலாம். பூட்டியது பூட்டியபடியே அவர்கள் மாடிக்குக் கொண்டுபோனதும் அப்படித்தான்.

ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் என்று கோடு போட்டு ஒதுக்குகிறோம். அந்த ஓர் இடத்தில் 10 சைக்கிள் நிற்கும். ஒன்று விட்டு ஒன்று திருப்பி நிறுத்தினால் ஹேண்டில்பார்கூட இடிக்காது. ஒரே ஒரு கார் இடம். அதைத்தான் கேட்கிறேன்.

"வீட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே?" வைத்துப் பார்த்தவள்தான் நான். பின் சக்கரத்தில் நிமிர்த்தி நிறுத்தினால்தான் எங்கள் லிஃப்டுக்குள் வண்டி நுழையும். உள்ளே இருப்பவர்கள் முகம் சுளிக்கிறார்களே என்று ஒன்றரை வருடம் மூன்றாவது மாடிக்குப் படியிலேயே தூக்கினேன். 17 கிலோ. ஒவ்வொரு திருப்பத்திலும் ஹேண்டில்பார் மடங்கிச் சுவரில் இடிக்கும், பெடல் வந்து முன்னங்கால் எலும்பில் அடிக்கும். அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது. மழை நாளில் வண்டியை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு துணியை எடுத்துக்கொண்டு, டயர் சொட்டிய சேற்றைத் தரைத்தளம் வரை துடைத்துக்கொண்டே இறங்குவேன். அதை ஒருவரும் பார்க்கவில்லை. சுவரில் விழுந்த ஒரு கறுப்புக் கோட்டை மட்டும் எல்லோரும் பார்த்தார்கள்.

கொக்கி அடித்துச் சுவரில் மாட்டச் சொல்கிறார்கள். கெட்டியான சுவராக இருந்தால் தாங்கும். தொங்கவிட்டால் ரிம் வளைந்துவிடும் என்ற பயமும் வேண்டாம், ஆள் ஏறும் பாரத்தையே தாங்குகிற சக்கரம் அது. ஆனால் வாடகை வீட்டுச் சுவரைத் துளைக்க யார் விடுகிறார்கள்? தினம் தினம் அந்த எடையைத் தூக்கி மாட்ட வயதானவர்களால் முடியுமா? பால்கனியில் வைத்தால் வெயிலில் டயர் வெடிப்பு விடும், சாரலில் செயின் துருப்பிடிக்கும்.

படிக்கட்டு என்பது தீ விபத்தின்போது வெளியேறும் வழி என்கிறார்கள். உண்மை. புகையில் கண் தெரியாமல் ஓடி வருபவர் ஹேண்டில்பாரில் சிக்கினால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். அதனால்தான் வேறு இடம் கொடுங்கள் என்று மூன்று முறை எழுதிக் கேட்டேன். பதில் வரவில்லை. சைக்கிளை அகற்ற மட்டும் ஆள் வந்தது. மின்சார சைக்கிள் பேட்டரி தீப்பிடிக்கும் என்று இன்னொருவர். என் வண்டியில் பேட்டரியே இல்லை, அதை ஏன் என்னிடம் சொல்கிறீர்கள்?

"பாதி சைக்கிளை யாரும் தொடுவதே இல்லை." சரி, எல்லா வண்டியிலும் ஒரு துண்டுச் சீட்டைக் கட்டுங்கள். ஒரு மாதம் பொறுங்கள். சீட்டை அவிழ்க்க யாரும் வராத வண்டியை எடுத்துவிடுங்கள், நானே கூட வந்து தூக்குகிறேன். என் வண்டியில் எந்தச் சீட்டும் கட்டவில்லை. அன்று காலை ஓட்டிய ஈர மண் டயரில் அப்படியே இருந்தது.

மாதக்கணக்கில் உறை போட்டு நிற்கும் காரை யாராவது ஒரு வார்த்தை கேட்டிருக்கிறார்களா? தினம் ஓடுகிற சைக்கிள்தான் கண்ணை உறுத்துகிறது. கார் வாங்க வக்கில்லாதவளுக்கு எதற்கு இடம் என்ற நினைப்புதான் இது. சுற்றி வளைத்துப் பேசினாலும் எனக்குப் புரிகிறது. பராமரிப்புப் பணத்தில் நான் ஒரு மாதம்கூட பாக்கி வைத்ததில்லை.

இரண்டு வண்டியையும் இறக்கிவிட்டேன். என் செயின் பழுப்பேறி, பெடலைச் சுற்றினால் கரகரவென்கிறது. மகளுடையதில் பின் சக்கரக் கம்பி இரண்டு வளைந்து, ரிம் பிரேக் கட்டையில் உரசுகிறது. "யாரும்மா இப்படிப் பண்ணினது?" என்று கேட்டாள். வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் யாராவது வந்து அவளுக்குப் பதில் சொல்லட்டும். இப்போதைக்கு இரண்டும் எங்கள் ஹாலில் நிற்கின்றன.