சான்றிதழுக்கு மார்க் கிடையாது, அண்ணாச்சி

'பிளஸ் ஒன்னிலேயே என்எஸ்எஸ், ரத்ததான முகாம், ஆஸ்பத்திரி சேவை என்று சான்றிதழ் சேர்த்தால் எம்பிபிஎஸ் கவுன்சிலிங்கில் கூடுதல் மார்க்' என்று ஒரு அண்ணாச்சி எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டில் அப்படி ஒன்றும் கிடையாது. நம்ம திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு மெடிக்கல் காலேஜானாலும் சென்னையானாலும் தரவரிசை நீட்டின் 720 மார்க்கை வைத்துத்தான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டிலும் அதே மார்க்தான். விளையாட்டுப் பிரிவில் ஒரு சில இடங்கள் உண்டு. அதற்குப் பெரிய போட்டிகளில் ஜெயித்திருக்க வேண்டும், பள்ளி ஆண்டு விழாக் கோப்பை செல்லாது.

அண்ணாச்சி சொல்வது அமெரிக்க நடைமுறை. அங்கே பட்டம் முடித்த பிறகுதான் மருத்துவப் படிப்பு. பல கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பத்தில் 15 செயல்பாடுகள் வரை எழுதலாம், ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்துகள்தான் இடம். மிக முக்கியமான மூன்றுக்கு மட்டும் இன்னும் விரிவாக எழுதலாம். அங்கேயும் எண்ணிக்கையைவிட, ஒரே இடத்தில் நீண்ட நாள் உழைத்ததற்குத்தான் மதிப்பு. நாலு முகாமில் நின்று போட்டோ எடுத்தால் எடுபடாது.

அதனால் 'சான்றிதழ் பேக்கேஜ்' என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பிள்ளைக்கு ஆசையிருந்தால் சேவைக்குப் போகட்டும், அது வேறு. காலையில் அரசு ஆஸ்பத்திரி ஓபி சீட்டு வரிசையில் ஒரு பாட்டிக்குத் துணையாக நின்றாலே, இந்த வேலை நமக்கு ஒத்துவருமா என்று ஓரளவு தெரிந்துவிடும். ஆனால் அதற்கு மார்க் யாரும் போடமாட்டார்கள்.