அம்பிளிக்கையில் கிடைத்த விடை

எங்கள் பெரியம்மாவுக்கு மாதவிலக்கு நின்று ஆறு வருஷம் கழித்து மறுபடி ரத்தம் பட்டது. உடம்புச் சூடு என்று வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். கறைபட்ட துணியை விடியும் முன்பே எழுந்து, யார் கண்ணிலும் படாமல் கிணற்றடியில் அலசிப் போட்டிருக்கிறார். எட்டு மாதம் இப்படியே ஓடியது. டாக்டரிடம் கூட்டிப்போனபோது கருப்பைவாய்ப் புற்றுநோய் முற்றியிருந்தது.

அவர் போன பிறகுதான் இந்த நோயைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன். அப்போது திரும்பத் திரும்பக் கண்ணில் பட்ட பெயர் டாக்டர் ரெங்கசாமி சங்கரநாராயணன். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் பணியாற்றியவர். பிறகு பிரான்சின் லியோன் நகரில், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையில் பரிசோதனைப் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். லியோனில் இருந்துகொண்டு அவர் தேடி வந்த இடங்களில் ஒன்று, ஒட்டன்சத்திரம் பக்கம் இருக்கும் நம்ம அம்பிளிக்கை!

கருப்பை வாயிலிருந்து செல்களைச் சுரண்டி எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் பரிசோதனைக்கு லேப் வேண்டும், ஸ்லைடைப் பார்த்துச் சொல்லப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். கிராமத்தில் அதற்கு எங்கே போவது? அதனால் அம்பிளிக்கையை மையமாக வைத்து நடந்த ஆய்வில் சங்கரநாராயணன் குழு நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுத்தது. வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலத்தை நீர்க்கக் கலந்து, பஞ்சில் தொட்டு, கருப்பை வாயில் தடவ வேண்டும். ஒரு நிமிஷம் பொறுத்து விளக்கடித்துப் பார்த்தால், கோளாறான இடம் வெள்ளையாகத் தெரியும். புற்றாக மாறும் முன்பே அந்த இடத்தை உறையவைத்து அழித்துவிடலாம். அதையும் நர்ஸ்களே செய்தார்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையிலான 31 ஆயிரத்துக்கும் அதிகமான பெண்கள் பரிசோதனைக்கு வந்தார்கள். 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்தப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைவு.

ஒப்பிடுவதற்காகப் பரிசோதனை இல்லாமல் விடப்பட்ட ஊர்களும் இருந்தன. அங்கே 92 பெண்கள் இந்தப் புற்றுநோயால் இறந்தார்கள். இந்த மாதிரி ஆய்வுகள் மீது அறம் சார்ந்த விமர்சனம் உண்டு. அது நியாயமான விமர்சனம் என்றே நினைக்கிறேன். அந்த 92 பேரில் ஒவ்வொருவரும் யாரோ ஒருவருக்குப் பெரியம்மா.

சங்கரநாராயணன் மேல் எனக்கு மதிப்பு கூடியது அடுத்த ஆய்வைப் படித்தபோது. மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத்தில் சுமார் 1,31,000 பெண்களை வைத்து வினிகர், பாப் ஸ்மியர், இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை மூன்றையும் அவர் குழு ஒப்பிட்டது. ஒரே ஒரு தடவை வைரஸ் பரிசோதனை செய்த குழுவில் சாவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. வினிகர் குழுவில் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. திண்டுக்கல்லில் தான் நிரூபித்த முறை இங்கே தோற்றதைத் தன் பெயரிலேயே 2009-ல் வெளியிட்டார். இன்று உலக சுகாதார நிறுவனம் முதலில் சொல்வது அந்த வைரஸ் பரிசோதனையைத்தான்.

பிறகு அந்த வைரஸுக்கு எதிரான தடுப்பூசி. இரண்டு டோஸ் போதுமா, மூன்று வேண்டுமா என்று ஆய்வு தொடங்கினார்கள். வேறொரு தடுப்பூசித் திட்டம் பற்றிக் கிளம்பிய சர்ச்சையால் 2010-ல் அரசு எல்லாவற்றையும் நிறுத்தியது. ஏறக்குறைய 5,000 பெண் பிள்ளைகள் ஒரே டோஸோடு நின்றுபோனார்கள். ஆய்வு கெட்டது என்று மூட்டை கட்டியிருக்கலாம். அவரும் கூட்டாளிகளும் அந்தப் பிள்ளைகளை விடாமல் வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். புற்றுநோய்க்கு முக்கியக் காரணமான இரண்டு வகை வைரஸ்களும் உடலில் தங்கிவிடாமல் ஒரு டோஸே 95 சதவீதம் காக்கிறது என்று 2021-ல் தெரிந்தது. அடுத்த வருஷமே ஒரு டோஸும் போதும் என்றது உலக சுகாதார நிறுவனம்.

இவ்வளவும் நம் மண்ணில் நடந்திருக்கிறது. ஆனாலும் 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் பத்தில் ஒருவர்கூட இந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டதில்லை. நாட்டிலேயே நாம்தான் இதில் முன்னணியாம். எனக்கு ஆத்திரமாக வருகிறது.

பெரியம்மா மகளுக்கு இப்போது 44 வயது. நேற்று போனில் கேட்டேன். "எனக்கென்னடி, நல்லாத்தானே இருக்கேன்" என்றாள். நான் விடவில்லை. வெட்கமா இருக்கு என்றாள், ஆம்பளை டாக்டர் இருப்பாரா என்று கேட்டாள். நர்ஸக்காதான் பார்ப்பாங்க, அஞ்சு நிமிஷம்தான் ஆகும் என்றேன். புதன்கிழமை காலை நானும் கூடப் போகிறேன்.