பேங்க்ல பணம் இருக்கு, ஆனா வீடு கிடைக்காது

மாசச் சம்பளம் இல்லாதவருக்கு, அஞ்சு வருஷ வாடகை பேங்க்ல கிடந்தாலும் வாடகைக்கு வீடு தர மாட்டாங்க. ஏன்? ஆன்லைன் விண்ணப்பத்துல "மாத வருமானம்"னு ஒரு கட்டம் இருக்கு. அதுல பூஜ்யம் போட்டா சிவப்புக் கோடு விழுந்து அடுத்த பக்கமே திறக்காது. "சேமிப்பு"ன்னு ஒரு கட்டம் தேடினாலும் கிடைக்காது.

வாடகையைப் போல மூணு மடங்கு சம்பளம் வேணுமாம். அந்தச் சம்பளக்காரர்கிட்ட கையிருப்பு எவ்வளவுன்னு யாராவது கேக்குறாங்களா? கையிருப்பு இல்லேன்னா, வேலை போன ரெண்டாவது மாசமே அவருக்கு மூச்சு முட்டும். 60 மாச வாடகை வச்சிருக்கிறவர், மத்த செலவும் வாடகை அளவுக்கே ஆனாக்கூட 30 மாசம் தாங்குவார். போடுற ஒப்பந்தமோ பெரும்பாலும் ஒரு வருஷத்துக்கு!

பணம் கரைஞ்சிடும், யார்கிட்டயோ வாங்கிக் கணக்குல போட்டுக் காட்டுவாங்கன்னு ஓனர் பயப்படுறது நியாயம்தான். அதுக்குத்தான் காகிதம் இருக்கு. இன்னைக்கு இருப்பு எவ்வளவுங்கிற ஒத்தைச் சீட்டு போதாது, ஆறு மாச ஸ்டேட்மென்ட் கொடுங்க. நடுவுல திடீர்னு பெரிய தொகை வந்திருந்தா அது எங்கேருந்து வந்ததுங்கிற ஆதாரத்தையும் சேர்த்து வைங்க. பங்குச்சந்தையில இருக்கிற பணத்தைப் பெரும்பாலும் முழு மதிப்புக்கு எடுத்துக்க மாட்டாங்க, பேங்க் டெபாசிட்டை முன்னால காட்டுங்க. கணக்கு எண்ல கடைசி நாலு இலக்கம் தவிர மத்ததை மறைச்சு, ஒவ்வொரு பக்கத்துக்கும் குறுக்க "வாடகை விண்ணப்பத்துக்கு மட்டும்"னு தேதியோட எழுதுங்க. அந்த நகல் எத்தனை கை மாறும்னு யாருக்கும் தெரியாது.

டெபாசிட் வட்டியை மாசாமாசம் கணக்குக்கு வர்ற மாதிரி மாத்தி வைக்கிறதும் உதவும். வீடு தேட ஆரம்பிக்கிறதுக்கு மூணு மாசம் முன்னாடியே செய்யணும், இல்லேன்னா ஸ்டேட்மென்ட்ல தெரியாது. நம்ம சொந்தப் பணத்துக்கே சம்பள வேஷம் கட்ட வேண்டியிருக்கு!

இதையெல்லாம் விட வயிறு எரியிறது, "அப்போ ஒரு வருஷ வாடகையை மொத்தமா கொடுத்துடுங்க"ன்னு சாதாரணமா கேக்குறதுதான். ஓனர் வீட்டுக் கடனைக் கட்டாம விட்டு வீடு ஏலத்துக்குப் போனா அந்தப் பணத்துக்கு யார் பொறுப்பு? சில இடங்கள்ல இவ்வளவு முன்பணம் வாங்கச் சட்டமே விடாது, முதல்ல அதைப் பாருங்க. கொடுத்தே ஆகணும்னா கையெழுத்தான பிறகு, பேங்க் வழியா மட்டும். எந்தெந்த மாசத்து வாடகைன்னு ரசீதுல இருக்கணும், வீட்டுக்காக ஓனர்கிட்ட கட்டுற டெபாசிட்டோட அதைக் கலக்கக் கூடாது. நடுவுல காலி செஞ்சா மீதி மாசப் பணம் எத்தனை நாள்ல திரும்ப வரும்னு ஒப்பந்தத்துல எழுதி வாங்குங்க.

பேங்க் கேரண்டி, அதாவது வாடகை நின்னா ஓனருக்கு நாங்க கொடுக்கிறோம்னு பேங்க் எழுதித் தர்றது, கிடைக்குதான்னும் கேளுங்க. பணம் உங்க பேர்லயே முடங்கி இருக்கும், பேங்க் டெபாசிட்னா வட்டியும் ஓடும். பேங்குக்கு ஒரு கட்டணம் போகும், அவ்வளவுதான். கேரண்டியில எழுதினபடிதான் ஓனர் அதுல பணம் கேக்க முடியும். ஆனா புரோக்கர்கள் பலர் இதைக் காதுலயே வாங்குறதில்ல. எழுபது வயசுக்காரரைப் பார்த்து, ஜாமீனுக்கு மகனைக் கூட்டிட்டு வாங்கங்கிறாங்க. அப்படி ஜாமீன் போட்டா எத்தனை மாசத்துக்கு, எவ்வளவு தொகை வரைக்கும்னு வரம்பு எழுதுங்க. இல்லேன்னா புதுப்பிக்கும்போது ஏறுற வாடகையும் அந்தப் பிள்ளை தலையில விழலாம்.

விண்ணப்பக் கட்டணம் கட்டுறதுக்கு முன்னாடியே, "சம்பளத்துக்குப் பதிலா சேமிப்பை ஏத்துக்குவீங்களா? எத்தனை மாச வாடகை இருக்கணும்?"னு எழுத்துல கேட்டு வாங்குங்க. நிராகரிச்சா அந்தக் கட்டணம் பெரும்பாலும் திரும்ப வராது. சம்பளம் இல்லாதவருக்குக் கொடுக்கப் போறதில்லைன்னு முதல்லயே தெரிஞ்சும் அதை வாங்கிப் போட்டுக்கிறாங்களே, அதுக்கு என்ன பேரு?