பெரியப்பா கேட்டது ஒன்று, நான் கொடுத்தது ஐந்து

போன பொங்கலுக்கு மதுரைக்குப் போனபோது பெரியப்பா போனை நீட்டி, "பேப்பர் படிக்கவே முடியலடா, எதைத் தொட்டாலும் விளம்பரமா வருது. என்னன்னு பாரு" என்றார். கேட்டது அவ்வளவுதான். எனக்கு ஓப்பன் சோர்ஸ் (மூல நிரலை யாரும் பார்க்கக்கூடிய மென்பொருள்) ஆர்வம் தலைக்கேறிவிட்டது. இரண்டு மணி நேரத்தில் ஐந்து ஆப்களை ஏற்றினேன். நடுவில் மெட்டாடேட்டா, அதாவது யார் யாரோடு எப்போது பேசினார்கள் என்கிற மாதிரி விவரங்கள், பற்றி ஒரு சொற்பொழிவு வேறு. பாவம், பெரியப்பா பொறுமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

மறுவாரம் பெரியம்மா கூப்பிட்டார். நான் ஏற்றியதில் ஒன்று பாஸ்வேர்ட் மேனேஜர்: பாஸ்வேர்டை எல்லாம் ஒரு பெட்டிக்குள் போட்டுப் பூட்டியாயிற்று, பூட்டின சாவியான மாஸ்டர் பாஸ்வேர்ட் பெரியப்பாவுக்கு ஞாபகமில்லை. பாஸ்வேர்ட் மேனேஜர்களில் மாஸ்டர் பாஸ்வேர்டை மறந்தால் பெரும்பாலும் அதை நடத்துகிறவர்களாலேயே திறந்து கொடுக்க முடியாது. அதன் பாதுகாப்பே அதுதான். அதை விளக்கோ விளக்கென்று விளக்கியவன், ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள் என்று சொல்ல மறந்துவிட்டேன்.

இப்படி இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்கிற விஷயத்தில், அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியிட்ட எட்வர்ட் ஸ்னோடனே தோற்றிருக்கிறார். 2012 டிசம்பரில் பெயர் சொல்லாமல் பத்திரிகையாளர் கிளென் கிரீன்வால்டுக்கு எழுதி, மின்னஞ்சலை அடுத்தவர் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்புகிற பிஜிபி என்கிற மென்பொருளை நிறுவிக்கொள்ளச் சொன்னார். படிப்படியாக விளக்கம் அனுப்பினார், வீடியோவே எடுத்து அனுப்பினார். கிரீன்வால்ட் அசையவில்லை. கடைசியில், இப்படிப் பூட்டி அனுப்புகிற குறியாக்கம் ஏற்கெனவே பழகியிருந்த ஆவணப்பட இயக்குநர் லாரா பாய்ட்ரஸிடம் போக வேண்டியதாயிற்று. கிரீன்வால்ட் முட்டாளா என்ன? அன்றைக்கு அவருக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான். அந்த மென்பொருளும் லேசுப்பட்டதில்லை. 1999இல் அமெரிக்காவில் 12 பேரிடம் பிஜிபி 5.0ஐக் கொடுத்து 90 நிமிடம் அவகாசமும் தந்து சோதித்தார்கள். மூன்றில் ஒரு பங்குப் பேரால்தான் ஒரு மின்னஞ்சலைச் சரியாகக் கையொப்பமிட்டுப் பூட்டி அனுப்ப முடிந்தது. சிலர் ரகசியத்தைப் பூட்டாமலே அனுப்பிவிட்டார்கள்.

நம் ஓப்பன் சோர்ஸ் ஆட்கள் இன்னும் "எல்லாம் டாக்குமென்டேஷனில் இருக்கு, படிங்க" என்றுதான் சொல்கிறார்கள்.

என் கட்சி இதுதான்: ஒருவர் தனியாகவே பலன் பார்க்கக்கூடியதை முதலில் கொடுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் பிரௌசரும், அதில் விளம்பரத்தைத் தடுக்கிற யூபிளாக் ஆரிஜின் என்கிற துணைநிரலும் போதும். ஆண்ட்ராய்டு போனிலும் வேலை செய்யும். கணக்குத் தொடங்க வேண்டாம், பாஸ்வேர்ட் வேண்டாம், சொந்தக்காரர் யாரும் மாற வேண்டாம். விளம்பரத்தோடு நம்மைப் பின்தொடர்கிற டிராக்கர்களில் பெரும்பகுதியும் சத்தமில்லாமல் போய்விடும். மெட்டாடேட்டா சொற்பொழிவு செய்யாததை அது பத்து நொடியில் செய்யும்.

வாட்ஸ்அப் மாதிரி செய்தி அனுப்புகிற சிக்னல் நல்ல ஆப்தான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அதை முதல் பாடமாக வைக்காதீர்கள். எதிர்முனையில் ஆள் வேண்டுமே! 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றப்போவதாக அறிவித்ததும் கூட்டம் கூட்டமாக சிக்னலுக்குப் போனார்கள். நெரிசல் தாங்காமல் அது ஒரு நாள் படுத்தே விட்டது. எனக்குத் தெரிந்து போனவர்களில் பாதிப் பேர் மாசத்துக்குள் திரும்பிவிட்டார்கள், குடும்ப குரூப் இங்கேதானே இருக்கிறது. இன்னொன்று, "வாட்ஸ்அப்பில் எழுதுவதை எல்லாரும் படிக்கிறார்கள்" என்று பயமுறுத்தாதீர்கள். செய்தியைப் பூட்டுவதற்கு 2016இலிருந்து அங்கேயும் சிக்னலின் முறைதான். யார் யாரோடு, எப்போது பேசுகிறார்கள் என்கிற விவரம் யாரிடம் சேர்கிறது என்பதில்தான் வித்தியாசம். அதைச் சொல்லப் பொறுமை இல்லையென்றால் பேசாமல் இருப்பது மேல்.

அப்புறம், போனை நாம் கையில் வாங்கவே கூடாது. நான் முதலில் செய்த தப்பே அதுதான். சித்திரைத் திருவிழாவுக்குப் போனபோது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். யூபிளாக் ஒன்றை மட்டும் பெரியப்பாவே தேடி, தானே தட்டி, தானே நிறுவினார். முக்கால் மணி நேரம் ஆனது. இப்போது எதிர்வீட்டு சாரின் போனிலும் போட்டுக் கொடுத்திருக்கிறாராம்.

பெரியப்பாவின் பாஸ்வேர்டுகள் பழையபடி தினசரிக் காலண்டர் அட்டைக்குப் பின்னால்தான் இருக்கின்றன. சரி, இருக்கட்டும். அதை எடுக்க வேண்டுமானால் ஹேக்கர் பஸ் பிடித்து மாட்டுத்தாவணியில் இறங்கி, பெரியம்மாவைத் தாண்டி உள்ளே வர வேண்டும்.