பூனை சாப்பிடாத நாளில் முழு டோஸ் போடாதீர்கள்

சர்க்கரை நோய் உள்ள பூனைக்கு இன்சுலின் போடுவது பற்றி, ‘ஊசி போட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் சாப்பாடு, சாப்பிடாவிட்டாலும் டோஸை விடக் கூடாது’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அரை மணிக் கணக்கு மனிதர்கள் போடும், சீக்கிரம் வேலை செய்யும் ரெகுலர் இன்சுலினுக்கு உரியது. பூனைகளுக்குப் பெரும்பாலும் தருவது கிளார்ஜின் போல மெதுவாக வேலை செய்யும் மருந்து. ஒரு ஊசிக்கும் அடுத்ததற்கும் 12 மணி நேர இடைவெளிதான் முக்கியம். சாப்பிடும்போதே போட்டுவிடலாம்.

அவர் சொன்னதில் இரண்டாவது பாதிதான் ஆபத்து. எங்கள் பூனை ஒரு நாள் காலையில் கிண்ணத்தை முகர்ந்துவிட்டு ஃப்ரிட்ஜ் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது. ஊசியைப் போடாமல் வைத்துவிட்டு டாக்டருக்குத்தான் முதலில் போன் செய்தேன். சாப்பிடாத வயிற்றில் முழு டோஸ் போனால் சர்க்கரை இறங்கித் தள்ளாடும், வலிப்புகூட வரலாம். அப்படி வந்தால் ஈறில் கொஞ்சம் தேன் தடவிக்கொண்டே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

மருந்து உள்ளே போனதா, முடியில் வழிந்ததா என்று சந்தேகமா? மறுபடி குத்தாதீர்கள், அடுத்த வேளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். அப்புறம் சிரிஞ்சு: யூ-100 மருந்தை (ஒரு மில்லியில் 100 யூனிட்) யூ-40 சிரிஞ்சில் (ஒரு மில்லியில் 40 யூனிட் மருந்துக்கானது) அதே யூனிட் கோடு வரை இழுத்தால் இரண்டரை மடங்கு போய்விடும்.