விடுதியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்

எகிப்துப் பயணம் பற்றிய உங்கள் கட்டுரையில், லக்சர் நகரில் வின்டர் பேலஸ் விடுதியில் 3 நாள், அப்புறம் நைல் நதியில் 'சூடான்' நீராவிக் கப்பலில் அஸ்வான் நகர் வரை என்று திட்டம் போட்டிருக்கிறீர்கள். நானும் என் மனைவியும் அதே கப்பலில் போய் வந்தவர்கள். லக்சரில் ஒரு இரவு போதும், மிச்ச நாள்களை அஸ்வானுக்கு ஒதுக்குங்கள் என்பேன்.

1921-இல் கட்டிய கப்பல் அது. பக்கவாட்டில் துடுப்புச் சக்கரங்கள். எஞ்சின் அறையைப் பக்கத்தில் நின்றே பார்க்கலாம். தண்டுகள் ஏறி இறங்க, எண்ணெய்க் குவளையோடு ஒருவர் கூடவே நிற்பார். நான் அரைமணி நேரம் நகரவில்லை. நைல் வடக்கே ஓடுகிறது, நாம் தெற்கே போகிறோம், அதனால் எதிர்நீச்சல்தான். அவசரமே கிடையாது. வழியில் எஸ்னா ஊரில், கப்பலை மேல் நீர்மட்டத்துக்கு ஏற்றிவிடும் மதகில் நிற்கும்போது படகு வியாபாரிகள் துணிகளைப் பையில் கட்டி மேல்தளத்துக்கு வீசுவார்கள். வேண்டாமென்றால் திருப்பி வீசிவிடலாம்.

வழியில் எட்ஃபு, கோம் ஓம்போ ஊர்களின் பழங்காலக் கோயில்களைச் சுற்றிக் களைத்து அஸ்வானில் இறங்கும்போதுதான் ஓல்ட் கேட்டரக்ட் விடுதியின் அருமை தெரியும். 1899-இல் திறந்தது. மாலையில் அதன் தாழ்வாரத்தில் உட்கார்ந்தால் எதிரே நைல் நடுவில் எலிஃபன்டைன் தீவு, கருங்கல் பாறைகள், பாய்மரப் படகுகள். என் மனைவி இரண்டு மணி நேரம் பேசவே இல்லை. வாடகை அதிகம்தான். ஓர் இரவாவது தங்கிவிடுங்கள்.