உள்ளே விட்டார்கள் என்பதற்காகவா?

ஞாயிற்றுக்கிழமை காட்பாடி மண்டபத்தில் நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு வீடியோ வந்திருக்கும். அதனால் கதைக்குள் போகவில்லை. ஸ்காட்லாந்தில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் ஆடிவிட்டு வந்து அதற்கு மார்க் போட்டு எழுதினேன், அதைப் பற்றி மைக்கில் ஒரு பெரியவர் சொன்ன ஒரு வரிக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன். "விருந்துக்குக் கூப்பிட்ட வீட்ல சாப்ட்டுட்டு, சாம்பார்ல உப்பு இல்லன்னு ஊரெல்லாம் சொல்றவன இன்னான்னு சொல்றது?" இதற்குக் கைதட்டல் வேறு.

ஐயா, முதலில் அது விருந்தே இல்லை. ஸ்காட்லாந்தின் மியூர்ஃபீல்ட் தனியார் கிளப்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் செவ்வாயும் வியாழனும் வெளியாட்கள் முன்பதிவு செய்து ஆடலாம். ஆளுக்கு 300 பவுண்டுக்கு மேல் கட்டணம். என் பங்கை நான்தான் கட்டினேன், கம்பெனி கட்டவில்லை. உள்ளே விட்டார்கள் என்பதற்காக வாயைக் கட்டிக்கொண்டு வர வேண்டும் என்று அந்த ரசீதில் எங்கேயும் போடவில்லை.

அப்படி என்ன எழுதிவிட்டேன்? பத்துக்கு எட்டு. அவ்வளவுதான். கூட ஆடிய, தோல் வாங்கும் பையரிடமே நேரில் சொன்னேன், சிரித்தார். இங்கே சிலருக்குத்தான் பொறுக்கவில்லை.

அந்த மைதானத்தின் அமைப்பை நான் குறையே சொல்லவில்லை. பந்தைப் போட வேண்டிய முதல் ஒன்பது குழிகள் வெளிவட்டமாகக் கடிகாரச் சுற்றில் போகின்றன. அடுத்த ஒன்பது உள்வட்டமாக எதிர்ச்சுற்றில் வருகின்றன. அதனால் காற்று ஒரு குழியில் முகத்தில் அடிக்கும், அடுத்ததில் தோளைத் தள்ளும். 13வது குழி மேட்டில் ஏறும் பார் 3, அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டியது. குழியும் கொடியும் இருக்கும் கிரீன் ஒடுக்கம், இரண்டு பக்கமும் பங்கர்கள் என்கிற ஆழமான மணல் பள்ளங்கள். புல்லோடு வெட்டிய மண்கட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சுவர். உள்ளே இறங்கினால் கொடி தெரியாது. சுவரில் விரல் வைத்துப் பார்த்தேன், ஈரமும் வேரும் கையில் தட்டுப்பட்டன. பிரிட்டனின் பெரிய கோல்ஃப் போட்டியான ஓப்பன் 2002ல் இங்கே நடந்தபோது தென்னாப்பிரிக்க வீரர் எர்னி எல்ஸ் இந்த 13ல்தான் பங்கரிலிருந்து பந்தை எடுத்துத் தப்பித்தார், கோப்பையும் வாங்கினார். நான் பின்பக்கமாக அடித்து வெளியே வந்தேன். இதையெல்லாம் புகழ்ந்துதான் எழுதியிருந்தேன். அதை யாராவது படித்தார்களா?

இரண்டு மார்க் குறைத்தது எதற்கு? கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, ஆனால் ஆட்டத்துக்குள் ஒரு குழியில்கூட வரவில்லை. 11வதில் முதல் அடி அடிக்கும் டீ என்ற இடத்தில் நின்றால் மேடு மறைக்கிறது, பந்து எங்கே விழுந்தது என்று பை தூக்கி வரும் கேடியைத்தான் கேட்க வேண்டும். இது என் அபிப்பிராயம்.

"உன் ஹேண்டிகேப் என்ன?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இருபதுக்கு மேல், அதாவது ஆட்டத்தில் நான் சுமார்தான். சரி, அதனால்? காசு வாங்கும்போது ஹேண்டிகேப் பார்த்துக் குறைத்தா வாங்குகிறார்கள்?

இன்னொருவர், "பாலாறு காய்ந்து கிடக்கும் ஊரிலிருந்து போய்ப் புல்லுக்கு மார்க் போடுகிறாயே" என்றார். அது லிங்க்ஸ் மைதானம் சார். கடலோர மணல் மண், தானாக வளரும் முரட்டுப் புல். 2013 ஓப்பன் அங்கே நடந்தபோது வெயிலில் மைதானமே பழுப்பாகக் கிடந்தது, அதை யாரும் கேவலமாக நினைக்கவில்லை. தண்ணீரைக் கொட்டிப் பச்சையாக வைப்பது வேறு இடங்களில். பாலாற்றுக்குத் தோல் தொழில் என்ன செய்தது என்பது நியாயமான கேள்வி, 1996லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன விஷயம். அது வேறு பதிவு, இங்கே இழுக்காதீர்கள்.

என் தொழில் என்ன? ராணிப்பேட்டையில் தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிப்பது. பையர் வருகிறார், நம் யூனிட்டில் உட்கார்ந்து நம் பிரியாணியைச் சாப்பிடுகிறார், மறுநாள் காலையில் லாட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ரிஜெக்ட் என்கிறார். 'சாப்பிட்டுவிட்டுக் குறை சொல்கிறானே' என்று எந்த முதலாளியாவது மைக் பிடித்ததுண்டா? வாயைத் திறக்காமல் லாரியைத் திருப்பி அனுப்புகிறோம். அவர்கள் நமக்கு மார்க் போட்டால் தரக் கட்டுப்பாடு, நாம் அவர்களுக்குப் போட்டால் திமிர். அன்றைக்கு மைதானத்தில் நான் போட்டிருந்த கையுறை எங்கள் யூனிட்டிலேயே பதனிட்ட ஆட்டுத்தோல். அதைத் தொட்டுப் பார்த்த கேடி நல்ல தோல் என்றார். அவர் மார்க் போட்டது தப்பா?

உள்ளே விட்டது உபகாரம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1744ல் கோல்ஃபுக்கு முதன்முதலில் 13 விதிகளை எழுதி வைத்த சங்கம் இது. பெண்களை உறுப்பினராகச் சேர்க்கலாமா என்று 2016ல் ஓட்டுப் போட்டார்கள். 64 சதவீதம் சரி என்றது, ஆனால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், தீர்மானம் விழுந்தது. உடனே ஓப்பன் நடத்துபவர்கள் போட்டி நடக்கும் மைதானங்களின் பட்டியலிலிருந்து இதைத் தூக்கினார்கள். அடுத்த வருடமே மறுபடி ஓட்டு, 80 சதவீதம் சரி. 2022ல் பெண்கள் ஓப்பனே அங்கே நடந்தது. ஒரு வருடத்தில் மனம் மாறியதா, பட்டியல் மாற்றியதா என்று நான் கேட்கவில்லை. ஆனால் வெளியிலிருந்து குறை சொன்னதால்தான் அந்தக் கதவு திறந்தது. எல்லோரும் உங்களைப் போல உப்பைப் பற்றிப் பேசாமல் இருந்திருந்தால்?

நம் ஊர் மட்டும் என்ன? 2014ல் வேட்டி கட்டிப் போன உயர் நீதிமன்ற நீதிபதியையே சென்னையில் ஒரு கிளப்பில் உள்ளே விடவில்லை. சட்டசபையில் சட்டம் போட்டுத்தான் சரி செய்தார்கள். நீதிபதிக்கே அந்தக் கதி என்றால் என் நைனாவைச் சொல்லவா வேண்டும்? முதலாளி கேட்டார் என்று சாம்பிள் தோலைப் பையில் எடுத்துக்கொண்டு சென்னையில் வேறொரு கிளப்புக்குப் போனார், நானும் கூடப் போனேன். வாசல்காரர் வேட்டியைப் பார்த்து நிறுத்திவிட்டார். முதலாளி சாப்பிட்டு முடித்து வெளியே வரும்வரை கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றோம். பை கைமாறியது, திரும்பினோம். ரயில் அரக்கோணம் தாண்டும்போதுதான் நைனா வாயைத் திறந்தார். "புல்லு நல்லாத்தான் வச்சிக்கிறானுங்க. ஆனா ஓரத்துல வெட்டு சரியில்லடா."

கேட்டுக்கு வெளியே நின்றவர் அவர். அவரே மார்க் போட்டார் ஐயா. காசு கட்டி உள்ளே போன அவர் பிள்ளை போடக்கூடாதாம்.

"அண்ணே, பெரியவர் வயசுக்காவது விட்டுடுங்க" என்று இன்பாக்ஸில் வந்துகொண்டிருக்கிறது. வயதுக்கு மரியாதை உண்டு. ஞாயிற்றுக்கிழமை மேடைக்குக் கீழே நின்று வணக்கமும் சொன்னேன், அது வீடியோவில் இல்லை. வெட்டி அனுப்பியவர் யார் என்று எனக்குத் தெரியும். அவர் போன வருடம் துபாய் ஓட்டலுக்கு ஒரே ஒரு ஸ்டார் போட்டு எழுதியதும் என்னிடம் இருக்கிறது. வேண்டுமென்றால் போடுகிறேன்.